காலே அரைக்கால் அங்குலம்



போன வாரம் நான் போட்ட நாலு வரிப் பதிவுக்குக் கீழே பெரிய சண்டையே நடந்துவிட்டது. பாதிப் பேருக்கு எதற்காகச் சண்டை என்றே புரியவில்லையாம். தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பெரிய மச்சான் "இதில் மெஸ்ஸி எந்த டீம்?" என்று கேட்டிருக்கிறார். மச்சான், மெஸ்ஸி வரமாட்டார். இது அமெரிக்கர்கள் பெரும்பாலும் கையால் ஆடுகிற ஃபுட்பால். ஏன் அந்தப் பெயர் என்று இங்கே யாரிடமும் கேட்டுப் பயனில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சண்டையை மூட்டியது என் பழைய மாணவர்தான். 1992 பத்தாம் வகுப்பு பேட்ச். கணக்கில் புலி. இப்போது டாலஸில் டேட்டா சயின்ஸ் வேலை. அவர் எழுதியதன் சாரம் இது: லெஃப்ட் டாக்கிள் இடத்தில் ஆடுகிறவனுக்குக் கை குறைந்தது 33 அங்குலமாவது இருக்க வேண்டும், எல்எஸ்யூ கல்லூரியின் வில் கேம்ப்பெலுக்கு அது இல்லை, ஆகவே அவனை டாக்கிளாக நினைத்து முதல் பத்துக்குள் எடுப்பது முட்டாள்தனம். கடைசியில் ஒரு வரி: "எண் பொய் சொல்லாது சார்."

முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கணக்கு வாத்தியாரிடம் இப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா? எண் பொய் சொல்லாதுதான் தம்பி. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். நீ என்ன கேட்டாய் என்று பார்ப்போம். நாளை மறுநாள், 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி வியாழக்கிழமை, டிராஃப்ட். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்து தட்டுகிறேன். மூட்டு வலி இருக்கிறவர்கள் இடையில் எழுந்து நடந்துவிட்டு வந்து படியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கே தொழில்முறை அணிகள் 32. கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை வருஷத்துக்கு ஒரு முறை வரிசையாக நின்று எடுத்துக்கொள்வார்கள். போன பருவத்தில் அதிகமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்று. நம் ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கூவ முடியாது. எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறான் என்பதை வைத்தே சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடும். 2011-லிருந்து அப்படித்தான். நாலாவதாகப் போகிறவனுக்கு நாலு வருஷத்துக்கு நாலு கோடி டாலருக்கு மேல். முதல் சுற்றின் கடைசியில், 32-ஆவதாகப் போகிறவனுக்கு ஒன்றரைக் கோடி டாலர் அளவில். ஒரே இரவு, ஒரே பையன், ஒரே உடம்பு. வித்தியாசம் இரண்டரைக் கோடி டாலர்.

ஆட்டத்தில் பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். அவனுக்கு முன்னால் ஐந்து மலைகள் வரிசையாகக் குனிந்து நிற்கும். அதுதான் அஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவனுக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். இவர்கள் பந்தைத் தொட்டு ஓடுவதில்லை, ஸ்கோர் எடுப்பதில்லை, பெயர் டிவியில் வருவதே தப்புப் பண்ணும்போதுதான். எதிரணியின் முரடர்கள் வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்காமல் இரண்டரை, மூன்று வினாடி தடுத்து நிறுத்துவது இவர்கள் வேலை. வலது கைக்காரன் எறியத் திரும்பும்போது அவன் முதுகு இடது பக்கம் காட்டும். அந்த முதுகைக் காக்கிறவன்தான் லெஃப்ட் டாக்கிள். 1985 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை இரவு, வாஷிங்டன் அணியின் ஜோ தீஸ்மனை நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் சாய்த்தபோது தீஸ்மனின் கால் எலும்பு முறிந்தது, அதோடு அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. நாடே டிவியில் பார்த்தது. அந்தக் காட்சியை நான் யூடியூபில் ஒரு முறை பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க மாட்டேன். இந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு பணம் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

சரி, கேம்ப்பெலுக்கு வருவோம். வயது 21. ஆறடி ஆறு அங்குலம், 319 பவுண்டு. கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே லெஃப்ட் டாக்கிளாக இறக்கினார்கள். மூன்று வருஷம் அதே இடம். அவன் ஆடியது எஸ்இசி என்கிற மாநாட்டில். தொழில்முறைக்குப் போகும் முரடர்கள் வாரம் ஒருவராக வந்து மோதுகிற இடம் அது. போன வருஷம் தேசிய அளவில் ஆல்-அமெரிக்கன் பட்டியலில் பெயர். இவ்வளவும் பிப்ரவரி வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாருக்கும் சந்தேகம் இல்லை.

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரில் கம்பைன் என்று ஒரு சடங்கு. முந்நூறுக்கு மேற்பட்ட பையன்களை வரவழைத்து, அரைக்கால் சட்டையோடு மேடை ஏற்றி, எடை போட்டு, உயரம் பார்த்து, உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அளந்து, தோள்பட்டை எலும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை டேப் பிடித்து, எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார்கள். கீழே நூற்றுக்கணக்கான ஸ்கவுட்டுகள் குறித்துக்கொள்வார்கள். எனக்கு மாட்டுச் சந்தைதான் ஞாபகம் வந்தது. பல்லைப் பிடித்துப் பார்ப்பது, சுழி பார்ப்பது, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது. ஆனால் எங்கள் ஊர் சம்சாரி சுழி பார்த்த பிறகு மாட்டை ஏரில் பூட்டியும் பார்ப்பார். இவர்களோ மூன்று வருஷம் ஏரில் பூட்டிப் பார்த்த மாட்டை மறுபடி சுழி பார்த்து வேண்டாம் என்கிறார்கள்.

அங்கே கேம்ப்பெலின் கை 32 அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும். நம் பழைய கணக்கில் சொன்னால் அரையே அரைக்கால். ஒரு மாதம் கழித்து அவன் கல்லூரியிலேயே மறுபடி அளந்தார்கள். இப்போது சரியாக 33. வித்தியாசம் காலே அரைக்கால் அங்குலம்.

தம்பி, இங்கே கொஞ்சம் நில். 21 வயதுப் பையனுக்கு ஒரு மாதத்தில் கை வளராது. அப்படியானால் அளந்ததில் பிழை இருக்கிறது. எந்த அளவு சரி என்று எனக்குக் கவலையில்லை. டேப்பை எங்கே வைத்தான், தோளை எவ்வளவு தூக்கினான் என்பதைப் பொறுத்து காலே அரைக்கால் அங்குலம் முன்னே பின்னே போகும் என்றால், அந்த அளவை வைத்து 32-க்கும் 33-க்கும் நடுவே கோடு போட்டு "இந்தப் பக்கம் டாக்கிள், அந்தப் பக்கம் கார்டு" என்று சொல்வது எந்தக் கணக்கு? பத்தாம் வகுப்பில் ஸ்கேலால் பென்சிலை அளக்கச் சொல்லி, ஒரே பென்சிலுக்கு நாற்பது பேர் நாற்பது விடை எழுதியதை நீயே பார்த்திருக்கிறாய். அளவுகோலின் பிழையைவிடச் சின்ன வித்தியாசத்தை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்று அன்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

கை நீளம் முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பேர் மோதும்போது யாருடைய உள்ளங்கை முதலில் எதிராளியின் மார்பில் பதிகிறதோ அவன் கையில் பிடி. நீளக் கைக்காரன் எதிராளியைத் தள்ளியே வைத்திருப்பான். ஓரத்தில் வளைந்து ஓடுகிறவனைக் கடைசி நொடியில் ஒரு தட்டுத் தட்டி வழியை மாற்றிவிடுவான். ஒரு அடி தாமதமானாலும் நீளக் கை அதை ஈடுகட்டும். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஸ்கவுட்டுகள் முட்டாள்கள் இல்லை. ஆனால் நீளக் கை என்பது ஒரு சௌகரியம். தாமதமாகாதவனுக்கு அந்தச் சௌகரியம் எவ்வளவு தேவைப்படும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு டேப் பதில் சொல்லாது. ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். பேரன் எனக்கு ஆட்டங்களைப் போட்டுக் காட்டினான். பந்து போகும் பக்கம் பார்க்காதே தாத்தா, அந்த ஐந்து பேரை மட்டும் பார் என்றான். முதல் இரண்டு வாரம் ஒன்றும் புரியவில்லை, ஐந்து பேர் ஐந்து பேரைக் கட்டிப்பிடிப்பதாகத்தான் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கண் திறந்தது. நல்ல டாக்கிள் ஓடுவதில்லை, சறுக்குகிறான். பின்பக்கக் காலை ஊன்றி, முன்காலைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல், நண்டு மாதிரி சாய்வாகப் பின்வாங்குவான். முட்டி மடங்கியே இருக்கும். இடுப்பு தாழ்ந்தே இருக்கும். இடுப்பை நிமிர்த்திய கணமே எதிராளி நெஞ்சில் இடித்து அவனைக் குவார்ட்டர்பேக் மடியிலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவான். முன்னூறு பவுண்டு ஆள் பின்னால் தள்ளப்படும்போது குதிகாலை ஊன்றி நின்றுவிடுகிற அந்தக் கணம் இருக்கிறதே, நங்கூரம் என்றுதான் இங்கேயும் சொல்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரணமாகத் தெரியும்.

கையை இவ்வளவு பாடுபட்டு அளக்கிறார்களே, பார்க்க வேண்டியது கால். காலே, அரைக்கால் இல்லை.

காலுக்கு அடுத்தது தலை. எதிரணியில் இரண்டு பேர் நேராக வருவதுபோல் வந்து நடுவில் இடம் மாற்றிக்கொள்வார்கள். தன் ஆளைத் துரத்திக்கொண்டு உள்ளே போய்விட்டால் வெளியே வாசல் திறந்துவிடும். தன் ஆளைப் பக்கத்துக் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, வரப்போகிற ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒப்படைப்பதற்கு அரை வினாடி. கேம்ப்பெல் இதில் பெரும்பாலும் பதறுவதில்லை. அவனிடம் குறையே இல்லையா? இருக்கிறது. சில சமயம் அவசரப்பட்டு உடம்பை முன்னால் சாய்க்கிறான், அப்போது கைதேர்ந்த ஒருவன் உள்பக்கமாக நழுவிவிடுவான். கை குட்டை என்பதால்தான் சாய்கிறான் என்று நீ சொல்வாய். இருக்கலாம். சாய்வது திருத்தக்கூடிய பழக்கம், நல்ல லைன் கோச்சுகள் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

இனி உன் டேட்டாவுக்கு வருகிறேன். 33 அங்குலத்துக்குக் கீழே கை உள்ள லெஃப்ட் டாக்கிள்கள் லீக்கில் அநேகமாக இல்லை, ஆகவே அப்படிப்பட்டவர்கள் அங்கே தேற மாட்டார்கள் என்கிறாய். நான் கேட்கிறேன், அவர்கள் ஏன் இல்லை? கல்லூரியிலிருந்து வரும்போதே கை குட்டையானவனைக் கார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். டாக்கிளாக ஆட விடுவதே இல்லை. வேட்டி கட்டி வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற கிளப்பில் உள்ளே போய் எண்ணிப் பார்த்துவிட்டு, "வேட்டி கட்டியவர்களுக்கு கிளப்பில் உட்காரத் தெரியாது" என்று புள்ளிவிவரம் எழுதினால் நீ ஒப்புக்கொள்வாயா? வடிகட்டிய பிறகு மிஞ்சியதை எண்ணி, வடிகட்டியது சரி என்று நிரூபிக்கிறாய். உன் ஆபீசில் வேறு யாராவது இந்தக் கணக்கோடு வந்தால் நீயே கிழித்துப் போட்டிருப்பாய்.

நீ டாலஸ்காரன். ஆகவே ஜாக் மார்ட்டினைக் கொண்டுவருவாய் என்று தெரியும், கொண்டுவந்தாய். நோட்டர்டேம் கல்லூரியில் லெஃப்ட் டாக்கிளாக ஆடியவர். கை நீளம் போதாது என்ற பேச்சு. 2014-ல் 16-ஆவதாக கௌபாய்ஸ் எடுத்துக் கார்டாக மாற்றியது. ஒன்பது முறை ப்ரோ பௌல். இந்த வருஷம்தான் ஓய்வு அறிவித்தார். மகத்தான கார்டு. யார் இல்லை என்றது? ஆனால் அது எதை நிரூபிக்கிறது? மார்ட்டின் நல்ல கார்டு என்பதை நிரூபிக்கிறது. மோசமான டாக்கிளாக இருந்திருப்பார் என்பதை நிரூபிக்கவில்லை. அந்தப் பரீட்சையை யாரும் வைக்கவே இல்லையே.

வைத்த பரீட்சைகளைப் பார்ப்போம். ஜோ தாமஸ். விஸ்கான்சின் பையன். அவர் கையும் 33-க்குக் கீழேதான். 2007-ல் மூன்றாவதாக கிளீவ்லண்ட் எடுத்தது. டிராஃப்ட் மேடைக்கு வரச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு மிச்சிகன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். (இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.) பிறகு பதினோரு பருவம், பத்து ப்ரோ பௌல். ஒரு நொடி வெளியே போகாமல் தொடர்ச்சியாக 10,363 முறை களத்தில் நின்றார். அத்தனையும் லெஃப்ட் டாக்கிளாக, அதுவும் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்த அணியில், மாறி மாறி வந்த குவார்ட்டர்பேக்குகளைக் காத்துக்கொண்டு. 2023-ல் முதல் வாய்ப்பிலேயே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். விதிவிலக்கு என்பாய். சரி, வைத்துக்கொள்.

அடுத்தவன் எங்கள் ஊர்ப் பையன். எங்கள் ஊர் என்றால் என் மகள் இருக்கும் ஷுகர் லேண்ட். இங்கே தெருவுக்கு நாலு தமிழ் வீடு, கோயிலுக்கு மீனாட்சி இருக்கிறாள். இந்த ஷுகர் லேண்டின் கிளெமென்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன் ரஷான் ஸ்லேட்டர். அப்பா ரெஜி ஸ்லேட்டர் என்பிஏவில் கூடைப்பந்து ஆடியவர். அப்பாவின் உயரம் பையனுக்கு முழுதாக வரவில்லை. ஆறடி நாலு அங்குலம், கை 33. நார்த்வெஸ்டர்ன் கல்லூரிக்குப் போனான். படிப்புக்குப் பெயர் போன இடம், ஃபுட்பாலுக்கு அவ்வளவாக இல்லை. 2019-ல் ஒஹையோ ஸ்டேட்டின் சேஸ் யங் நாட்டையே மிரட்டிக்கொண்டிருந்தான், அந்தப் பருவத்தில் மட்டும் பதினாறரை சாக். அவனை நேருக்கு நேர் சந்தித்தான் ஸ்லேட்டர். நார்த்வெஸ்டர்ன் 52-3 என்று நாறிப்போனது, அது வேறு கதை. ஆனால் ஸ்லேட்டர் தன் வாசலை விடவில்லை. அந்த ஆட்டத்தை இன்றும் பாடம் மாதிரி போட்டுக் காட்டுகிறார்கள். அடுத்த வருஷம் கோவிட் என்று அவன் ஆடவே இல்லை. 2021 டிராஃப்டுக்கு முன்னால் இதே பேச்சு: கை 33 தானே, கார்டுக்கு மாற்றிவிடலாம். 13-ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் எடுத்து, மாற்றாமல் லெஃப்ட் டாக்கிளிலேயே நிறுத்தியது. முதல் வருஷமே ப்ரோ பௌல். அதே டிராஃப்டில் ஏழாவதாகப் போன பெனே சூவலின் கையும் நீ கேட்கிற உயர்தர 34 இல்லை, 33 சொச்சம்தான். இன்று டெட்ராய்ட் அணியில் அவனை நகர்த்த ஆள் இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கம்பைனில் பென்ச் பிரஸ் என்று ஒன்று. மல்லாந்து படுத்து 225 பவுண்டு பளுவை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். இதில் யார் ஜெயிப்பான்? குட்டைக் கைக்காரன். தூக்கும் தூரம் அவனுக்குக் குறைவு. ஸ்லேட்டர் 33 முறை தூக்கினான். 2018-ல் ஒக்லஹோமாவிலிருந்து வந்த ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியருக்குக் கை 35 அங்குலம். அவனால் 14 முறைதான் முடிந்தது. நாற்பது கஜம் ஓட 5.85 வினாடி எடுத்துக்கொண்டான். சிரித்தார்கள். முதல் சுற்றில் போக வேண்டியவன் மூன்றாம் சுற்றில் 83-ஆவது ஆளாகப் போனான். ஆக, ஒருவனைக் கை குட்டை என்று தள்ளுகிறார்கள். இன்னொருவனை, நீளக் கையால் வருகிற குறைக்காகவே தள்ளுகிறார்கள். மாமியார் உடைத்தால் மண் குடம், மருமகள் உடைத்தால் பொன் குடம் என்பார்கள். இங்கே இரண்டு மருமகள்களுக்கும் திட்டு.

அந்த பிரவுன் நாலு முறை ப்ரோ பௌல் போனான். 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டியின் லெஃப்ட் டாக்கிள் அவன்தான். எதிரே பிலடெல்பியா, அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்திருந்த அணி. அன்று இரவு அவர்களுக்குக் கிடைத்த சாக் பூஜ்யம். லைன்மேன் ஒருவன் ஆட்டத்தில் நாற்பது கஜம் நேராக ஓட வேண்டிய நிலைமை எப்போது வரும் என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை. வந்தால் அன்றைக்கு அவன் குவார்ட்டர்பேக் பந்தை எதிராளியிடம் எறிந்துவிட்டான் என்று அர்த்தம். முதல் பத்து கஜத்துக்கு எவ்வளவு நேரம் என்று தனியாகக் குறிக்கிறார்கள், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மற்ற முப்பது கஜமும் டிவிக்காக.

எண்ணை நம்பி ஏமாந்ததற்கும் ஒரு கதை சொல்லியாக வேண்டும், இந்த வருஷம் அதற்குப் பொருத்தமான வருஷம். டிராஃப்ட் நடக்கப்போவது கிரீன் பேயில். 1989-ல் அந்தக் கிரீன் பே அணிக்கு இரண்டாவது வாய்ப்பு. மிச்சிகன் ஸ்டேட்டின் டோனி மாண்டரிச். 315 பவுண்டு உடம்போடு நாற்பது கஜம் 4.65 வினாடி, பென்ச் பிரஸ் 39 முறை என்றார்கள். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில் சட்டையில்லாமல் நின்றான். இதுவரை வந்ததிலேயே சிறந்த லைன்மேன் என்று எழுதினார்கள். எடுத்தார்கள். அவனுக்கு முன்னால் போனவர் ட்ராய் ஏக்மன். அவனுக்குப் பின்னால் வரிசையாக பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். முதல் ஐந்து பேரில் நாலு பேர் ஹால் ஆஃப் ஃபேமில். நடுவில் இவன் மட்டும் இல்லை. நாலே வருஷத்தில் அணி கைகழுவியது. கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்ததை 2008-ல் அவனே ஒப்புக்கொண்டான். அந்த எண்கள் பொய் சொல்லவில்லை தம்பி. அன்றைக்கு அவ்வளவு தூக்கினான், அவ்வளவு வேகமாக ஓடினான். எதனால் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு எதிர்ப்பக்கம் ஜேசன் கெல்சி. பேத்திகளுக்குத் தெரியும், பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் காதலருக்கு அண்ணன். சின்சினாட்டி கல்லூரியில் உதவித்தொகை இல்லாமல் தானே போய்ச் சேர்ந்தவர், சென்டருக்கு எடை போதாது என்றார்கள், 2011-ல் ஆறாம் சுற்றில் 191-ஆவது. பதிமூன்று பருவம் ஆடிவிட்டுப் போன வருஷம் அழுதுகொண்டே ஓய்வு பெற்றார். இன்னும் ஐந்து வருஷத்தில் அவர் சிலையும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு இன்ஸ்பெக்ஷன் நாள் ஞாபகம் இருக்கும். சுவர் வெள்ளையடித்து, சார்ட் ஒட்டி, நன்றாகப் படிக்கிற பையனை முதல் பெஞ்சில் உட்கார வைத்து. வந்தவர் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருஷத்துக்கே குறிப்பு எழுதிவிட்டுப் போவார். கம்பைன் இன்ஸ்பெக்ஷன் நாள். மூன்று வருஷ ஆட்டம் மிச்ச இருநூறு நாள். எதை நம்ப வேண்டும் என்று நான் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது கேள்வி என்று வொண்டர்லிக் அறிவுத் தேர்வு ஒன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். 2022-ல் கம்பைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே துணிச்சலோடு டேப்பையும் கொஞ்சம் சுருட்டி வைக்கலாம்.

இந்த வருஷத்துக் கூத்து இன்னொன்று. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் ஷெமார் ஸ்டூவர்ட், எதிர்ப்பக்கம் ஆடுகிறவன், குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதுதான் அவன் வேலை. மூன்று வருஷத்தில் மொத்தம் நாலரை சாக். வருஷத்துக்கு ஒன்றரை. கம்பைனில் அவன் உடம்பும் ஓட்டமும் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், இப்போது முதல் சுற்றில் எங்கே போவான் என்றுதான் பேச்சு. நல்ல பையனாகவே இருக்கலாம், நன்றாக வரட்டும். ஆனால் செய்யாதவனுக்கு "செய்யக்கூடிய உடம்பு" என்று சலுகை, மூன்று வருஷம் செய்து காட்டியவனுக்கு "செய்ய முடியாத கை" என்று தண்டனை. இதை எப்படி நியாயப்படுத்துவாய் என்று அடுத்த கமெண்டில் எழுது.

கார்டாக ஆடினால் என்ன குறைந்துபோகிறது என்று நம் உறவினர் ஒருவர் கேட்டிருந்தார், நல்ல கேள்வி. போன வருஷம் டாம்பா பேயின் லெஃப்ட் டாக்கிள் டிரிஸ்டன் விர்ஃப்ஸ் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு சுமார் 2.8 கோடி டாலர். பிலடெல்பியாவின் கார்டு லாண்டன் டிக்கர்சன் போட்டது 2.1 கோடி. இரண்டு பேருமே அந்தந்த இடத்தில் அப்போதைய உச்சம். எழுபது லட்சம் டாலர், வருஷத்துக்கு. முட்டி தேய்வதும் மூளை அதிர்வதும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். முப்பது வயதுக்குமேல் இந்த வேலை எத்தனை பேருக்கு மிஞ்சும்?

வியாழன் இரவு டென்னசி முதலில், கிளீவ்லண்ட், நியூயார்க் ஜயன்ட்ஸ், நாலாவது நியூ இங்கிலண்ட் பேட்ரியாட்ஸ். போன வருஷம் நாலு ஆட்டம் ஜெயித்துப் பதிமூன்று தோற்ற அணி. டிரேக் மே என்று 22 வயதுப் பையன் ஒருவனைக் குவார்ட்டர்பேக்காக வைத்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் நிற்க ஒழுங்கான ஆள் இல்லாமல், வாராவாரம் அடி வாங்க விட்டார்கள். அவன் முதுகுக்கு ஆள் வேண்டும். கேம்ப்பெலை எடுத்து லெஃப்ட் டாக்கிளில் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. நிறுத்தினால் முதல் வருஷம் சிரமப்படுவான், நல்ல முரடன் ஒருவன் அவனை நாலைந்து முறை சுற்றிக்கொண்டு போவான், உடனே உன்னைப் போன்றவர்கள் டேப்போடு ஓடி வருவீர்கள். நீளக் கையோடு வந்த புதுப் பையன்களும் அதே அடி வாங்குகிறார்கள் என்பதை அப்போது யாரும் சொல்லமாட்டீர்கள். இரண்டு வருஷம் கழித்துப் பேசலாம்.

டிராஃப்ட் இங்கே வியாழன் இரவு ஏழு மணி, நம் ஊருக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரை. பால்காரர் வருகிற நேரம்தான், விழித்திருப்பவர்கள் பாருங்கள். தம்பி, நீ உன் எக்செல் ஷீட்டை எனக்கு அனுப்பு. 33-க்குக் கீழே கை உள்ளவர்களில் எத்தனை பேரை டாக்கிளாக இரண்டு முழுப் பருவமாவது ஆட விட்டார்கள் என்று தனியாக ஒரு பத்தி போட்டு அனுப்பு. அந்தப் பத்தி இல்லாத ஷீட்டுக்கு நான் மார்க் போட மாட்டேன்.